நெருப்புக்குச்சியும் ஒரு நகரமும்

கனடாவின் தலைநகராகிய ஒட்டாவாவுக்கு எதிர்க்கரையில், கியூபெக் மாகாணத்தில் உள்ளது ஹல் என்னும் ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டில், மேற்புறக் காடுகளில் வெட்டப்பட்ட பைன் மரங்கள் ஒட்டாவா ஆற்றிலே மிதந்து அங்கு வந்து சேர்ந்தன. ஆற்று நீரின் விசையால் இயங்கிய ஆலைகள் அவற்றைப் பலகைகளாக அரிந்தன. அரிந்தபின் எஞ்சிய துண்டுகளோ கழிவாகக் குவிந்து கிடந்தன.

அக்கழிவிலே செல்வத்தைக் கண்டவர் எஸ்ரா பட்லர் எடி. 1827ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்திற் பிறந்த அவர், 1850களில் ஹல்லிற் குடியேறி, மனைவியின் துணையோடு கையாலேயே நெருப்புக்குச்சி செய்யத் தொடங்கினார். காலப்போக்கில் மர ஆலைகளுக்கும் காகித ஆலைகளுக்கும் அதிபரானார். ஊருக்கு வேலை கொடுத்தவரே ஊருக்காகப் பேசவும் முன்வந்தார். 1871 முதல் 1875 வரை மாகாணச் சட்டசபையில் பழைமைவாதக் கட்சியின் உறுப்பினராக இருந்தார். பின்னர்ப் பலமுறை ஹல்லின் நகரபிதாவாகவும் விளங்கினார்.

மரத்தால் எழுந்த நகருக்கு நெருப்பே பெரும்பகை. 1900ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆந் திகதி ஹல்லில் ஒரு வீட்டுப் புகைபோக்கியில் மூண்ட தீ, காற்றின் வேகத்தாற் பலகைக் குவியல்களைப் பற்றி, ஆற்றையும் தாண்டி ஒட்டாவாவை எட்டியது. எழுவர் மாண்டனர், ஏறத்தாழ 15,000 பேர் வீடிழந்தனர். எடியின் ஆலைகளிற் பெரும்பகுதி சாம்பலாயிற்று. எழுபது வயதைக் கடந்திருந்தும் அவர் மனந்தளராது அவற்றை மீண்டும் எழுப்பினார். 1906இல் காலமானார்.

ஆயின், அவருடைய சரித்திரம் அவரோடு முடிந்துவிடவில்லை. நெருப்புக்குச்சிகளைப் பெட்டிகளில் அடுக்கியோர் பெரும்பாலும் இளம்பெண்கள். குச்சிமுனையில் அக்காலத்திற் பூசப்பட்ட வெண்பொஸ்பரஸ் தாடையெலும்பை அரிக்கும் கொடிய நஞ்சு. கனடா அதனை 1914இற்றான் சட்டத்தால் தடுத்தது. 1919இலும் 1924இலும் அப்பெண்கள் தங்கள் உரிமைக்காகத் தொழிற்சாலை நிருவாகத்தை எதிர்த்து நின்றனர். இரண்டாம் போராட்டத்தை நடத்திய டொனால்டா சாரோன் மீண்டும் வேலைக்குச் சேர்க்கப்படவில்லை. 1928இல் நெருப்புக்குச்சித் தொழிலே ஹல்லை விட்டு வேறூருக்குப் பெயர்ந்தது.

2002இல் ஹல், கட்டினோ மாநகருடன் இணைக்கப்பட்டது. அம்மாநகரின் பெருந்தெருக்களுள் ஒன்று இன்று நெருப்புக்குச்சி செய்த பெண்களின் பெயரால் வழங்குகின்றது. தொழிலை நாட்டியவர் சட்டசபையில் இடம்பெற்றார். அதனைத் தாங்கிய கைகளோ நெடுங்காலம் பெயரின்றியே இருந்தன. ஓர் ஊரின் வரலாற்றை எழுதப் புகுவோர் இருசாராரையும் ஒருங்கே நினைத்தல் வேண்டும்.