ஒரு பைசாவும் வலைப்பூவும்

தனி ஆள் ஒருத்தர் தன் மனசில் பட்டதைத் தானே எழுதி, தானே வெளியிட்டு, படித்தவர் கேட்டதற்குத் தானே பதிலும் சொல்கிற வழக்கம் இணையத்தோடுதான் பிறந்தது என்று பலரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். வலைப்பூவின் வரலாறு எழுதுகிறவர்களுக்கு எல்லாம் அமெரிக்காவில் தொடங்குகிறது. 1997 டிசம்பரில் ஜோர்ன் பார்கர் 'வெப்லாக்' என்று பேர் வைத்தார். 1999 ஆகஸ்டில் பிளாகர் வந்தது. 2003இல் கூகுள் அதை வாங்கியது. அந்த வருஷமே தமிழிலும் வலைப்பூக்கள் வந்தன. 2004இல் காசி ஆறுமுகம் தமிழ்மணம் திரட்டியைக் கொண்டுவந்தார். எல்லாம் சரிதான். ஆனால் இது கருவியின் வரலாறு. அந்தப் பழக்கத்தின் வரலாறு நம்ம தெருவிலும் கெடக்கு, குனிந்து எடுக்கத்தான் ஆளில்லை.

1893 அக்டோபரில் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' பத்திரிகையைத் தொடங்கினார். நாலே பக்கம், மாதம் ஒரு இதழ், விலை இரண்டணா. எந்தப் பேரைச் சொல்லித் துரத்தினார்களோ அந்தப் பேரையே தலைப்பில் கொட்டை எழுத்தில் போட்டார். வாரப் பத்திரிகையாக வளர்ந்து 1900 வரைக்கும் ஓடியது. மற்றவன் அச்சுக்கூட வாசலில் கைகட்டி நிற்காமல் சொந்த அச்சுக்கூடமும் வைத்துக்கொண்டார். இதைத்தான் இன்றைக்கு 'சொந்தத் தளம்' என்கிறார்கள்.

அடுத்து அயோத்திதாசர். 1907 ஜூன் 19, புதன்கிழமை, இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வந்தது. விலையே தலைப்பு. ஒரு வருஷம் கழித்து 'தமிழன்' ஆனது. 1914இல் அவர் சாகிறவரை வாரம் தவறாமல் நடத்தியிருக்கிறார். அதைப் புரட்டினால் அரசியலும் பௌத்தமும் மட்டுமா இருக்கு? வாசகர் ஏதாவது ஒரு சொல்லுக்கு, ஒரு பண்டிகைக்கு விளக்கம் கேட்பார். இவர் சித்த வைத்தியர், பழைய சுவடிகளில் மூழ்கியவர். வீட்டில் தினம் புழங்குகிற பொருளிலிருந்து பிடித்து விளக்குவார். தீபாவளியா, நரகாசுரன் கதையைத் தூக்கி எறி. எள்ளிலிருந்து எண்ணெய் எடுக்கக் கண்டுபிடித்து, அதைத் தேய்த்து முழுகின நாள் அது என்பார். அந்த விளக்கத்தை அப்படியே ஏற்கணும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு மனுசன் தலையில் தேய்க்கிற நல்லெண்ணெயை எடுத்து வைத்துக்கொண்டு புராணத்தையே கேள்வி கேட்கிறார், கோலார் தங்கவயலில் சுரங்கத்தில் வேலை பார்க்கிறவர் அதைப் படித்துவிட்டுப் பேசுகிறார் என்றால், அன்றாட விஷயத்தைப் பற்றி எழுதுவது வேலையற்ற வேலை என்று யார் சொல்ல முடியும்? அவர் மறைவுக்குப் பிறகு 1920களில் அந்தப் பத்திரிகை தங்கவயலிலிருந்தே மறுபடி வந்தது.

எழுதினவர் பேர் இப்படியாவது நின்றது. எழுத்தைக் கோர்த்த கை? ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோர்த்த கம்பாசிட்டர்களின் பேர் எங்கேயும் இல்லை. தொண்ணூறுகளில் அந்த இடத்துக்கு டி.டி.பி. சென்டர் வந்தது. ஆம்பளை கம்பாசிட்டர் போய் டைப்ரைட்டிங் ஹையர் படித்த பொம்பளைப் பிள்ளை உட்கார்ந்தாள். எங்க அக்கா அப்படி ஒரு சென்டரில் நாலு வருஷம் அடித்தாள். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. பிழைதிருத்தம் மூணு தடவை வந்தாலும் கூலி ஒரு தடவைக்குத்தான். புத்தகத்தில் 'ஒளியச்சு' என்று முதலாளியின் கடைப் பேர் விழும். அவள் பேர் விழாது. விடுதலை பற்றின புத்தகங்களைக்கூட அவள் அப்படித்தான் அடித்தாள்.

அவள் அடித்த எழுத்திலும் ஒரு வம்பு இருந்தது. அன்றைக்கு ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறியீடு. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தைக் கொண்டுபோய் உட்காரவைத்திருப்பார்கள். பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்ததை அது இல்லாத கணினியில் திறந்தால் எம், கே, ஒரு அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். அம்மா காணாமப் போயிருவா. 1997இல் சிங்கப்பூரில் கூடிப் பேசினார்கள். 1999இல் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடி, தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு குறியீடுகளையும் ஒரு விசைப்பலகையையும் ஏற்றது. யூனிகோடில் 1991 முதலே தமிழுக்கு இடம் இருந்தும், சாதாரணக் கணினியில் அது ஓடுகிற நிலை 2000க்குப் பிறகுதான் வந்தது. தமிழ் வலைப்பூ பெருகினதற்குப் பெரிய காரணம் இதுதான். படிக்கிறவன் எழுத்துருவைத் தேடி அலைய வேண்டியதில்லை.

பெருகினதில் ஆரம்பத்தில் யார் இருந்தார்கள்? வீட்டில் கணினியும் இணைப்பும் இருந்தவர்கள், வெளிநாட்டிலும் பெங்களூரிலும் மென்பொருள் வேலை பார்த்தவர்கள். அவர்கள் சாப்பாடு, சினிமா, ஆபீஸ் அலுப்பு எல்லாம் எழுதினார்கள், நல்லாவே எழுதினார்கள். நம்ம பிள்ளைகள் மணிக்கணக்குக் காசு கொடுத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து எழுதினார்கள், பாதிப் பேர் புனைபெயரில். அவர்கள் சேரியைப் பற்றி எழுதினால் 'இங்கேயும் சாதியா' என்று பின்னூட்டம் வரும். அக்ரகாரத்துச் சமையலைப் பற்றி எழுதினால் அந்தக் கேள்வி வராது, அது பண்பாடாம்.

ஆனால் பெரிய சிக்கல் வேறே. 1892இல் வெள்ளைக்காரன் ஒதுக்கின பஞ்சமி நிலம் என்ன ஆச்சு என்று நமக்குத் தெரியும். காகிதத்தில் நம்ம நிலம், கலப்பை வேறொருத்தன் கையில். வலைப்பூவிலோ உழுகிறது நாம், பட்டா கம்பெனி பேரில். ஜியோசிட்டிஸை 2009 அக்டோபரில் யாகூ மூடியது. ஆர்குட் 2014 செப்டம்பர் 30இல் போனது. யாகூ குழுமங்கள் 2020 டிசம்பரில் போயின. ஒவ்வொன்றோடும் எவ்வளவு பேச்சு போச்சு! கம்பெனிக்கு அது லாபமில்லாத கணக்கு. நமக்கு அது, முதல் தலைமுறையாகப் படித்த ஒரு பிள்ளை ஹாஸ்டலில் என்ன சாப்பிட்டான், முதல் சம்பளத்தில் என்ன வாங்கினான் என்பதற்கு இருந்த ஒரே சாட்சி.

'தமிழன்' ஏன் தப்பியது என்று பாருங்க. அன்பு பொன்னோவியம் மாதிரி ஆட்கள் பழைய இதழ்களைப் பாதுகாத்து வைத்திருந்தார்கள். அதனால்தான் 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் அயோத்திதாசர் சிந்தனைகளை வெளியிட முடிந்தது. 85 வருஷம் கழித்து! செல்லரித்தாலும் காகிதத்தைக் கண்ணால் படிக்கலாம். தொண்ணூறுகளில் நாம் நடத்தின சிறுபத்திரிகைகளின் கோப்புகள் இப்ப பிளாப்பியிலும் சி.டி.யிலும் கெடக்கு. திறந்தால் எம்மும் கேயும் அரைப்புள்ளியும். யூனிகோடுக்கு மாற்ற நிரல்கள் இலவசமாகவே கிடைக்குது, ஆனால் எந்த எழுத்துருவில் அடித்தது என்று முதலில் தெரியணும். ஆசிரியருக்குத் தெரியாது, எழுதினவருக்கும் தெரியாது. போன மாசம் ஒரு கோப்பைத் திறக்கமுடியாமல் அக்காவிடம் காட்டினேன். திரையை ஒரு பார்வை பார்த்தாள், எழுத்துருவின் பேரைச் சொல்லிவிட்டு உலை வைக்கப் போயிட்டா.