பூந்தமல்லி கோர்ட்டும் ஒரு பாம்பின் டிஎன்ஏவும்

பெங்களூரு போகும்போது பூந்தமல்லியைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூரில் வேகம் குறையும் அல்லவா, அப்போது வலது பக்கமோ இடது பக்கமோ பார்த்து "இங்கேதான் ராஜீவ் காந்தி..." என்று காரில் யாராவது ஒருவர் ஆரம்பிப்பார். நம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். 1991 மே 21 இரவு எங்கே இருந்தோம் என்பது அவர்களுக்கு இன்னும் நினைவிருக்கும். மீனம்பாக்கத்தில் இறங்கிய ராஜீவ், போரூர், பூந்தமல்லி வழியாக, நாம் தினமும் டிராஃபிக்கில் மாட்டிக்கொள்ளும் அதே சாலையில்தான் போனார்.

குண்டு வெடித்த இடத்தில் புலனாய்வு எப்படித் தொடங்கியது தெரியுமா? அப்போது தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் இயக்குநராக இருந்தவர் பி. சந்திரசேகரன். ஒரு பெண்ணின் தலையும் கை கால்களும் கிடைத்தன, ஆனால் நடு உடல் மட்டும் இல்லை. அப்படியானால் குண்டு அவள் இடுப்பில்தான் கட்டியிருந்திருக்க வேண்டும் என்று அவர் முடிவுக்கு வந்தார். தணு என்ற பெயர் பிறகுதான் தெரிய வந்தது. அங்கேயே இறந்துபோன புகைப்படக்காரர் ஹரிபாபுவின் கேமரா சேதமாகாமல் கிடைத்தது. மாலையுடன் நிற்கும் அந்தப் பெண்ணைப் படத்தில் பார்க்க முடிந்தது. சிதறிய பாகங்கள் யாருடையவை என்று பொருத்திப் பார்க்க ஐதராபாத்தில் உள்ள சிசிஎம்பி ஆய்வகத்தின் உதவி தேவைப்பட்டது. நம் நாட்டில் டிஎன்ஏ சோதனை நடை பழகிக்கொண்டிருந்த காலம் அது.

அந்தச் சோதனையை இங்கே உருவாக்கியவர் லால்ஜி சிங். அவர் பயன்படுத்திய 'புரோப்' ஒரு பாம்பிடமிருந்து வந்தது! மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட கட்டுவிரியன் இனத்தின் டிஎன்ஏவில் திரும்பத் திரும்ப வரும் ஒரு துண்டு மனிதரின் டிஎன்ஏவிலும் உண்டு. ஆளுக்கு ஆள் அதன் அமைப்பு மாறும். அதை வைத்தே ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்தறிந்தார்கள். விஷப் பாம்பு நமக்குச் செய்த ஒரே நல்ல காரியம் என்று எங்கள் பிளாக் நண்பர் ஒருவர் சொன்னார்.

இதற்கு முன்பு என்ன செய்தார்கள்? நம் ஆவடிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1952இல் ரயிலில் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் தலையில்லாத உடல் மானாமதுரையில் கிடைத்தது. தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. அதுதான் ஆளவந்தார் கொலை வழக்கு. அவர் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆவடியில் ராணுவப் பணியில் இருந்தவர். அந்தப் பழைய பதிவில் இருந்த கைரேகை, இறந்தவர் அவர்தான் என்று காட்டிக்கொடுத்தது. பதிவில் ரேகை இல்லாத ஒருவராக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

டிஎன்ஏ முதன்முதலில் கொலை வழக்கில் பயன்பட்டது இங்கிலாந்தின் லெஸ்டர் பகுதியில். 1983இலும் 1986இலும் இரண்டு பள்ளிச் சிறுமிகள் கொல்லப்பட்டனர். 17 வயதுப் பையன் ஒருவன் இரண்டாவது கொலையை ஒப்புக்கொண்டான். அலெக் ஜெஃப்ரீஸ் சோதித்துப் பார்த்தார். இரண்டு கொலைகளையும் செய்தது ஒரே ஆள், ஆனால் அது இந்தப் பையன் அல்ல! டிஎன்ஏ முதலில் செய்த வேலை ஒரு நிரபராதியை வெளியே விட்டதுதான். உண்மையான கொலைகாரன் காலின் பிட்ச்ஃபோர்க் தன் ரத்தத்துக்குப் பதில் வேறு ஒருவரை அனுப்பி ஏமாற்றியும் பிடிபட்டான். 1988இல் ஆயுள் தண்டனை பெற்றான்.

பையன் ஒப்புக்கொண்டான் என்றேன் அல்லவா, அதை நினைவில் வைத்துக்கொண்டு பூந்தமல்லிக்குத் திரும்புவோம். ராஜீவ் வழக்கு நடந்தது இங்கே இருந்த தடா சிறப்பு நீதிமன்றத்தில்தான், பொதுமக்களுக்கு அனுமதியில்லாமல். 288 சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர். 1998 ஜனவரி 28 அன்று நீதிபதி நவநீதம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தார். 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரை விடுதலை செய்தது. நால்வருக்கு மரண தண்டனை நிலைத்தது, மூவருக்கு அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது.

குண்டைச் சுமந்தது யார் என்று தடயவியல் சொல்லிவிட்டது. ஆனால் யாருக்கு எது தெரிந்திருந்தது என்பதை எந்த டிஎன்ஏவும் சொல்லாது. அதற்கு நீதிமன்றம் போலீஸ் அதிகாரி பதிவு செய்த வாக்குமூலங்களைத்தான் பெரிதும் நம்பியது. தடா சட்டத்தில் அவை சாட்சியமாக ஏற்கப்பட்டன. பேட்டரி வாங்கிக் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரி தியாகராஜன், அது எதற்கென்று தனக்குத் தெரியாது என்று அவர் சொன்ன பகுதியை எழுதவில்லை என 2013இல் வெளிப்படையாகச் சொன்னார். என் பார்வையில் இந்த வழக்கின் மிகவும் சங்கடமான இடம் அதுதான். நீங்கள் வேறு விதமாக நினைக்கலாம், அந்த இரவில் உறவை இழந்தவர்களுக்கு நிச்சயம் வேறு பார்வை இருக்கும்.

பேரறிவாளனை 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது, ஏறத்தாழ 31 ஆண்டுகளுக்குப் பிறகு. எஞ்சிய ஆறு பேரை விடுவிக்க அதே ஆண்டு நவம்பர் 11 அன்று உத்தரவிட்டது. பூந்தமல்லி சிறப்பு நீதிமன்றத்தில் இன்றும் என்ஐஏ வழக்குகள் நடக்கின்றன. அந்தப் பக்கம் போனால் வாசலில் போலீஸ் வண்டிகள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.