அக்காவா, அதுவா?



ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குத் திணையும் பாலும் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, கோயிலுக்குப் பக்கத்தில் மாலை கட்டும் அக்காவை எங்கள் வீட்டில் 'அது' என்றுதான் சொல்கிறார்கள். அப்படியானால் அந்த அக்கா அஃறிணையா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது.

ஜோகூர் பாருவில் எங்கள் வட்டாரத்தார் அனைவரும் அறிந்த பெண்மணி அவர். பிறப்பில் ஆண் எனப் பதியப்பட்டு, பின்னர்ப் பெண்ணாக மாறி, எவருக்கும் ஒளிக்காமல் வாழ்ந்து வரும் திருநங்கை. நான், "பிறகு பார்க்கலாம்" என்று கூறிவிட்டு வெண்பலகையை அழித்தேன். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் இலக்கணம் பயின்ற எனக்கு விடை தெரியாமல் இல்லை, சொல்லத்தான் துணிவில்லை. அந்தக் குறையை ஈடுசெய்யவே இக்கட்டுரை.

இலக்கணம் தரும் விடை

தொல்காப்பியர் இவர்களை மறக்கவில்லை. சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்திலேயே, ஆண்மை திரிந்து பெண்மையை நாடியோரைக் குறிக்கும் பெயர்களைப் பற்றிப் பேசுகின்றார். இப்பெயர்களுக்கென்று தனி விகுதி இல்லை. அவை உயர்திணைக்குரிய பால் விகுதிகளைக் கொண்டு முடியும் என்கின்றார். அதே நூற்பாவில் தெய்வப் பெயர்களுக்கும் இவ்விதியையே வகுக்கின்றார் என்பது நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

13ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் இதனை மேலும் விளக்குகின்றார். ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புவோர் பெண்பால். பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புவோர் ஆண்பால் என்கின்றார். அதாவது, ஒருவர் எதுவாக வாழ விரும்புகிறாரோ அதுவே அவருக்குரிய பால். எனினும் இவர்களை அஃறிணை போலக் கூறும் வழக்கிற்கும் அவர் இடம் தந்துவிட்டார். அம்மாணவனின் வீட்டில் ஒலிக்கும் 'அது' என்ற சொல் நேற்றுப் பிறந்தது அன்று.

சொற்கள் கடந்து வந்த பாதை

பழைய நூல்களில் பேடி என்ற சொல் வழங்கியது. அலி என்ற சொல் நாளடைவில் வசைச்சொல்லாயிற்று. கூவாகம் கூத்தாண்டவர் கோயில் திருவிழாவில் அரவானை மணந்து, மறுநாள் தாலியறுக்கும் சடங்கின் தொடர்பால் அரவாணி என்ற பெயர் வந்தது. 2008ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் தமிழ்நாடு அரசு இவர்களுக்காக ஒரு நல வாரியத்தை அமைத்தபோதும் அதன் பெயரில் அரவாணி என்ற சொல்லே இருந்தது. பின்னர்த் திருநங்கை என்ற சொல் அரசு வழக்கிலும் மக்கள் வழக்கிலும் நிலைபெற்றது. 2014ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம், தம் பாலினம் எது என்று கூறும் உரிமை அவரவருக்கே உண்டு எனத் தீர்ப்பளித்தது. பவணந்தியார் கூறிய விதிக்கும் இத்தீர்ப்புக்கும் இடைவெளி ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள்!

ஒரு கலைஞரின் வாழ்க்கை

சட்டமும் சொல்லும் மாறுவதற்கு முன்பே ஒளிவின்றி வாழ்ந்து காட்டியவர்களுள் ஒருவர் மதுரையில் பிறந்த நர்த்தகி நடராஜ். இளமையிலேயே வீட்டாரின் புறக்கணிப்புக்கு ஆளானவர். உற்ற தோழி சக்தியுடன் தஞ்சை சென்று, தஞ்சை நால்வர் வழிவந்த நாட்டிய ஆசான் கிட்டப்பா பிள்ளையை அணுகினார். உடனே இடம் கிடைக்கவில்லை. ஓராண்டு காத்திருந்த பின்னரே மாணவியானார். நர்த்தகி என்ற பெயரைச் சூட்டியவரும் அந்த ஆசானே. பெற்ற வீடு ஏற்காத பிள்ளையை ஓர் ஆசிரியர் ஏற்றுக்கொண்டார் என்பதை நம்மவர் கருத்தில் கொள்ள வேண்டும்.

நாயகி பாவத்தில் அவர் தனிச்சிறப்புப் பெற்றார். 2011ஆம் ஆண்டுக்குரிய சங்கீத நாடக அகாதமி விருதும், 2019இல் பத்மஸ்ரீ விருதும் அவரை வந்தடைந்தன. பத்மஸ்ரீ பெற்ற முதல் திருநங்கை அவரே. தமிழ்நாட்டின் 11ஆம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் அவர் வாழ்க்கை இடம்பெற்றுள்ளது. 2021இல் அம்மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவின் உறுப்பினராகவும் நியமிக்கப்பட்டார்.

நம் நாட்டில்

நம் அடையாள அட்டை எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண் என்பதை நாம் அறிவோம். 2005இல் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம், பாலின மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவரின் அட்டையில் பாலினத்தைத் திருத்த ஆணையிட்டது. ஏறக்குறைய அதே காலத்தில் ஈப்போ உயர்நீதிமன்றம் அதைப் போன்ற வேறொரு மனுவைத் தள்ளுபடி செய்தது. அட்டை திருத்தப்படாதவர் வங்கியிலும் மருத்துவமனையிலும் அதை நீட்டும் ஒவ்வொரு முறையும் தம் கதை முழுவதையும் அந்நியர் முன் நீட்டுகின்றார். அவர் விரும்பினாலும் ஒளிந்து வாழ இயலாது. அட்டையைத் திருத்தும் அதிகாரம் நமக்கில்லை. நம் நாவைத் திருத்தும் அதிகாரம் நமக்குண்டு அல்லவா?

நாம் செய்ய வேண்டியது

அன்று சிரித்த வகுப்பில் ஒரு மாணவன் மட்டும் சிரிக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டான். காரணத்தை நான் கேட்கவில்லை; கேட்கவும் கூடாது. ஆனால் என் மௌனம் அவனுக்கு எதைக் கற்பித்திருக்கும் என்ற எண்ணம் பல இரவுகள் என்னை உறுத்தியது.

மறுவாரம் அதே பாடத்தை மீண்டும் எடுத்தேன். தொல்காப்பியர் கூறியதை எளிமையாக விளக்கினேன். பிறகு, கேள்வி கேட்ட மாணவனையே அழைத்து அந்த அக்காவைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதச் சொன்னேன். சற்றுத் தயங்கியவன், வெண்பலகையில் எழுதினான்: "அக்கா மாலை கட்டுகிறார்."

இம்முறை யாரும் சிரிக்கவில்லை. திணையும் பிழையில்லை, பாலும் பிழையில்லை. பெற்றோர்களே, இவ்வாக்கியத்தை உங்கள் பிள்ளைகள் வீட்டிலும் கேட்கட்டும்.