வட்டுக்கோட்டைச் செமினரி மாணவரும் சமயத் துணையும்

சேர்வராயன் மலையிலுள்ள மாரமங்கலம் போன்ற ஊரினின்றும் சேலத்துக் கல்லூரிக்கு வரும் மாணவன், மலைமேற் கோயிலையும் சுற்றத்தையும் பிரிந்து விடுதி வாழ்வை மேற்கொள்கின்றான். அத்தகையோனது மனச்சுமையைச் சமயம் குறைக்குமா, கூட்டுமா என்னும் வினாவை உளநூலார் இன்று எழுப்புகின்றனர். தமிழ் மாணவரிடையே அவ்வினா பழமையுடையது. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைச் செமினரியின் வரலாற்றை அதற்குச் சான்றாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

அமெரிக்க மிசனரிமார் 1823இல் நிறுவிய அக்கல்விக்கூடத்திற்கு டானியேல் பூவர் முதல் தலைவராக விளங்கினார். மாணவர்க்கு உணவும் உடையும் உறையுளும் மிசனே அளித்தது. வறிய இளைஞர்க்கு இஃது அரிய துணை என்பதில் ஐயமில்லை. ஆயின், துணை நல்கிய கையே அவர்தம் மதமாற்றத்தையும் எதிர்நோக்கி நின்றது. தொடக்கநாளில், கிறித்தவர் கூரையின்கீழ் உண்ண மாணவர் உடன்படாமையால், சமையற்கூடத்தை அடுத்திருந்த சைவர் நிலத்தில் அமைக்க நேர்ந்ததென எமர்சன் தென்னன்ட் 1850இல் வெளியிட்ட தம் நூலிற் குறிக்கின்றார். சிறு செய்தியே, எனினும், திருமுழுக்குப் பெற்றோர் தொகையினும் இதனையே யாம் பெரிதாக மதிக்கின்றோம். பாடம் ஓரிடத்தும் சோறு வேறிடத்துமாக அவ்விளைஞர் நாள்தோறும் கடந்த எல்லை, அவர் உள்ளத்திலும் இருந்தது போலும்.

அமெரிக்காவிலிருந்து பொருளுதவிய புரவலரின் பெயரை மாணவர்க்கு இடும் வழக்கமும் உண்டு. பெற்றோர் இட்ட பெயருக்கு முன் அயலான் பெயரும் வந்து நிற்கும்.

1855இல் ரூபசு ஆண்டர்சன் முதலியோர் வந்து ஆராய்ந்தனர். மாணவர் சமயத்தினும் ஆங்கிலத்தையும் அலுவலையுமே மிகுதியும் நாடினர் எனக் கண்டு செமினரி மூடப்பட்டது. இதுபற்றி மாணவரை வேடதாரிகள் எனல் பொருந்தாது. சோற்றோடு பிணைத்துக் கொடுத்த சமயத்தை அவர் சோற்றளவிலேயே ஏற்றனர் என்பதே எம் துணிபு. தாமே தேர்ந்துகொள்ள வாய்த்தபோது அவருட் சிலர் சமயத்தை ஆழ்ந்து பற்றினர். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பி. ஏ. பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் செமினரியிற் பயின்றவரே. இருவரும் பின்னர்ச் சைவராய் வாழ்ந்தனர். இதில் ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலை வழிப் பிறந்த எழுச்சிக்கும் பங்குண்டு. அதனைத் தனியே ஆராய்தல் தகும்.

விசுவநாதபிள்ளை சைவத்திற்கு மீண்ட பின்னரும் கறோல் என்னும் பெயர் அவரை விட்டு நீங்கவில்லை. தமிழ் இலக்கிய வரலாறு இன்றும் அப்பெயராலேயே அவரைச் சுட்டுகின்றது.