அலாஸ்கா கோல்ட்பேனர்ஸ்: நள்ளிரவில் விளக்கில்லாமல் ஆடும் அணி

அலாஸ்கா கோல்ட்பேனர்ஸ் என்பது அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் ஃபேர்பேங்க்ஸ் நகரைச் சேர்ந்த பேஸ்பால் (அடிபந்தாட்டம்) அணி. 1960-இல் தொடங்கப்பட்டது. ஆற்று மணலைத் தட்டில் அலசித் தங்கம் அரிப்போரைக் குறிப்பது இப்பெயர். 1902-இல் அருகே தங்கம் கிடைத்ததால்தான் ஃபேர்பேங்க்ஸ் என்ற ஊரே வளர்ந்தது.

இந்த அணியில் ஆடுவோர் தொழில்முறை வீரர்கள் அல்லர். கோடை விடுமுறையில் வரும் கல்லூரி மாணவர்கள். அமெரிக்கக் கல்லூரிகளின் பேஸ்பால் பருவம் கோடைத் தொடக்கத்தில் முடிந்துவிடும். விடுமுறையிலும் ஆட்டப் பயிற்சி விட்டுப்போகக் கூடாது. ஆனால் ஆடுவதற்குச் சம்பளம் வாங்கினால் கல்லூரி அணியில் ஆடும் தகுதி போய்விடும். சிறு நகரங்களின் கோடைக்கால அணிகள் இந்த இடைவெளியை நிரப்பின. ஊர்க் குடும்பங்கள் மாணவர்களைத் தம் வீட்டில் தங்க வைத்துக்கொள்ளும். சிலருக்குப் பகுதிநேர வேலையும் கிடைக்கும். சாப்பாடும் படுக்கையும் கொடுத்தவர்களே மாலையில் மைதானத்தில் அமர்ந்து கைதட்டுவார்கள்.

அணியைத் தொடங்கியவர் ரெட் பூச்சர். முன்னாள் கடற்படை வீரரான அவர் பின்னாளில் ஃபேர்பேங்க்ஸ் நகர மேயராகவும், அலாஸ்காவின் துணை ஆளுநராகவும் இருந்தார். அலாஸ்கா மாநிலத் தகுதி பெற்றது 1959-இல். அதற்கு அடுத்த ஆண்டே, நாட்டின் மறுகோடியில் இருந்த ஓர் ஊருக்குக் கல்லூரி வீரர்களை வரவழைக்க அவர் துணிந்ததை எளிய முயற்சி என்று சொல்ல முடியாது.

டாம் சீவரின் கதை இதற்கு நல்ல சான்று. கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவைச் சேர்ந்த அவர் 1964-இல் பெயர் தெரியாத இளம் பந்து வீச்சாளர். அவருக்கு உதவித்தொகை கொடுக்கலாமா என்று தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ராட் டெடோ தயங்கினார். முதலில் அலாஸ்காவில் ஆடிக் காட்டட்டும் என்றார். சீவர் வந்தார், வீசினார், உதவித்தொகை கிடைத்தது. 1967-இல் நியூயார்க் மெட்ஸ் அணிக்காக ஆடி ஆண்டின் சிறந்த புதுமுகம் ஆனார். மொத்தம் 311 வெற்றிகள் பெற்று 1992-இல் பேஸ்பால் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். டேவ் வின்ஃபீல்டு, பேரி பாண்ட்ஸ் ஆகியோரும் கல்லூரி நாள்களில் இங்கு ஆடியவர்களே.

கான்சஸ் மாநிலம் விச்சிட்டாவில் நடைபெற்ற தேசிய பேஸ்பால் காங்கிரஸ் போட்டியில் இவ்வணி 1972, 1973, 1974, 1976, 1980, 2002 ஆகிய ஆண்டுகளில் வாகை சூடியது.

ஆனால் கோல்ட்பேனர்ஸை உலகறியச் செய்தது கோப்பைகளைவிட ஓர் ஆட்டம்தான். ஃபேர்பேங்க்ஸ் ஆர்க்டிக் வட்டத்துக்குச் சுமார் 200 கி.மீ. தெற்கே இருக்கிறது. ஜூன் 21-ஐ ஒட்டிய நாள்களில் அங்கே சூரியன் நள்ளிரவுக்குப் பின்னரே மறையும். மறைந்தும் இருள் கவியாது, சில மணி நேரத்தில் மீண்டும் உதித்துவிடும். 1906-இல் உள்ளூர் மதுக்கடைகளின் வாடிக்கையாளர்கள் பந்தயம் கட்டி ஆடியது இந்த 'நள்ளிரவுச் சூரிய ஆட்ட'த்தின் தொடக்கம். 1960 முதல் அதை ஏற்று நடத்துவது கோல்ட்பேனர்ஸ். இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கும் ஆட்டத்துக்குச் செயற்கை விளக்கு போடுவதில்லை. நள்ளிரவை ஒட்டி ஆட்டத்தை நிறுத்தி, மாநிலப் பாடலைப் பாடிவிட்டுத் தொடர்வார்கள். பூமியின் அச்சு சாய்ந்திருப்பதை மாணவர்களுக்கு விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆட்டம் நடக்கும் க்ரோடன் நினைவு மைதானம், 1964 நிலநடுக்கத்தின்போது வால்டீஸ் துறைமுகத்தில் தம் இரு மகன்களுடன் உயிரிழந்த ஜேம்ஸ் க்ரோடனின் பெயரைத் தாங்கியது.

வெளிச்சம் தந்த அதே நிலவியல் செலவையும் தந்தது. மாநிலத்தின் பெரிய நகரான ஆங்கரேஜ் சாலை வழியாகச் சுமார் 580 கி.மீ. தொலைவில் உள்ளது. எதிரணி வருவதென்றாலும் இவர்கள் போவதென்றாலும் நெடும்பயணம். மாணவர்களை மற்ற மாநிலங்களிலிருந்து அழைத்துவர விமானக் கட்டணம் வேறு. அலாஸ்கா பேஸ்பால் லீக்கில் பல ஆண்டுகள் ஆடிய அணி பிற்காலத்தில் அதிலிருந்து விலகித் தனியாக ஆடத் தொடங்கியது. நள்ளிரவு ஆட்டத்தை மட்டும் விட்டுவிடவில்லை.

1967-இல் கல்லூரி மாணவராக இங்கு ஆடிய பில் லீ, பின்னர் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியில் புகழ்பெற்றவர். 2008-இல், தம் 61-ஆம் வயதில், நள்ளிரவு ஆட்டத்தில் மீண்டும் பந்து வீச வந்தார். அன்று வென்றது அவருடைய அணி.