பழைய கேரவன் வாங்குமுன் தரையை மிதித்துப் பாருங்கள்

புக்கிட் தெங்காவிலிருந்து குடும்பத்தோடு சுங்கை செடிம் பக்கம் முகாம் போடக் கிளம்புபவர்களுக்கு, காரின் பின்னால் இழுத்துச் செல்லும் பழைய கேரவன் மீது ஆசை வருவது இயல்பு. சாய பளபளப்பில் மட்டும் மயங்கிவிட வேண்டாம்.

நம் ஊர் மழையில் கேரவனுக்கு முதல் எதிரி கசிவுதான். சன்னல் ஓரங்களையும் கூரை இணைப்புகளையும் விரலால் அழுத்துங்கள். மெத்தென்று அமுங்கினால் உள்ளே பலகை இற்றுவிட்டது. மூலைகளில் தரையை மிதித்தும் பாருங்கள். வாசனைத் தெளிப்பான் அளவுக்கு மீறி மணந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் தயாரானது. அதிகம் ஓடாத கேரவனில் டயர் தேயாமலேயே ரப்பர் வெடித்திருக்கும்.

காரின் கையேட்டில் இழுக்கக்கூடிய எடை இருக்கும். அதைத் தண்ணீர், கேஸ் தோம்பு, சாமான்கள் எல்லாம் சேர்ந்த எடையோடு ஒப்பிடுங்கள். காலி எடையோடு அல்ல.

1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, மோட்டார் வாகனம் இழுத்துச் செல்லும் வண்டியும் மோட்டார் வாகனமே. ஆகவே பதிவு வேண்டும். கிராண்டில் உள்ள சேசிஸ் எண்ணும் வண்டியில் பொறித்த எண்ணும் ஒத்துப்போகும்வரை ஒரு வெள்ளிகூட முன்பணம் கொடுக்காதீர்கள்.