வீட்டு ஒலிபெருக்கி: பெட்டியும் விலையும் சிறுத்த வரலாறு

மின்சைகையைக் காற்றின் அதிர்வாக மாற்றி நம் காதுக்குத் தரும் கருவி ஒலிபெருக்கி. பேச்சுவழக்கில் இதை ஸ்பீக்கர் என்கிறோம். மின்சைகைக்கு வலுவூட்டும் ஆம்ப்ளிஃபையரையும் தமிழில் சிலர் ஒலிபெருக்கி என்றே குறிப்பிடுவதுண்டு. இக்கட்டுரையில் அச்சொல் ஸ்பீக்கரை மட்டுமே குறிக்கும்.

கையில் ஒரு குறிப்பிட்ட தொகையை மட்டும் வைத்துக்கொண்டு நல்ல ஒலிபெருக்கி வாங்கப் புறப்படுபவர் கடையில் குழம்பிப் போவது இயல்பு. ஒரே விலையில் ஒன்று ஆளுயரத்துக்கு நிற்கிறது. இன்னொன்று புத்தக அலமாரியில் அடங்குகிறது. இவை ஏன் இப்படி வேறுபடுகின்றன என்பதற்கான விடை ஒலிபெருக்கியின் வரலாற்றில் இருக்கிறது. அதிலும் 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் தொடங்கிய ஒரு சிறு தொழிலில் பெரும்பகுதி விடை இருக்கிறது.

தொடக்கம்

திருமண வீட்டுப் பந்தலிலும் கோயில் திருவிழாவிலும் கட்டப்படும் குழாய் ஒலிபெருக்கியைப் பார்த்திருப்போம். வீட்டு வானொலியின் முதல் ஒலிபெருக்கிகளும் அந்த வகையைச் சேர்ந்தவைதான். குழாய் குறைந்த மின்சாரத்தில் உரக்கப் பேசும். ஆனால் சிறிய குழாயில் கீழ்ச்சுருதி வராது. மிருதங்கத்தின் வலந்தலை கேட்கும், தொப்பி கேட்காது.

இதை மாற்றியவர்கள் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் ஆகிய இருவர். காந்தப் புலத்தில் தொங்கும் கம்பிச் சுருளுடன் ஒரு காகிதக் கூம்பை இணைத்து, குழாய் இல்லாமலே ஒலி எழுப்பும் கருவியை 1925இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் விளக்கினர். சுருள் அசையக் கூம்பு அசைகிறது, கூம்பு அசையக் காற்று அசைகிறது. அசையும் சுருள் என்ற எண்ணம் அதற்கும் முன்பே இருந்தது. ஆலிவர் லாட்ஜ் 1898இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். ஆனால் நடைமுறைக்கு உகந்த வடிவம் கொடுத்தவர்கள் இவ்விருவரே. இன்று ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் பெட்டியிலும் பல லட்சத்துக்கு விற்கும் பெட்டியிலும் பெரும்பாலும் இதே அமைப்புதான் உள்ளது.

கூம்பின் முன்புறம் காற்று அழுந்தும்போது பின்புறம் தளரும். இரண்டும் கலந்தால் கீழ்ச்சுருதி ஒலி ஒன்றையொன்று அழித்துவிடும். அதனால்தான் ஒலிபெருக்கிக்குப் பெட்டி தேவைப்படுகிறது. அது வெறும் அழகுக்கு அல்ல. செலவும் இடப்பிரச்சினையும் இங்கேதான் தொடங்கின.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் ஹை-ஃபை மோகம் பரவியபோது, ஆழமான ஒலி வேண்டுமென்றால் பெரும் பெட்டி வேண்டும் என்பதே ஒப்புக்கொள்ளப்பட்ட நிலை. ஆர்கன்சா மாநிலத்தின் ஹோப் நகரில் பால் கிளிப்ஷ் 1946 முதல் விற்ற கிளிப்ஷ்ஹார்ன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மடித்த குழாயைப் பெட்டிக்குள் அடக்கி, அறையின் மூலைச் சுவர்களையே அக்குழாயின் தொடர்ச்சியாக்கினார் அவர். மிகச் சில வாட் மின்திறனிலேயே வீடு அதிரும். அதை வாங்குபவருக்குப் பணம் இருக்க வேண்டும். காலியான மூலையும் இருக்க வேண்டும்.

காற்றே வில்லாக

எட்கர் வில்ச்சர் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒலிப்பதிவு, ஒலிமீட்பு பற்றி மாலை வகுப்பு எடுத்துவந்த ஆசிரியர். அவர் கவனித்த குறை, கூம்பைப் பிடித்து நிறுத்தும் விளிம்பில் இருந்தது. கூம்பு முன்னும் பின்னும் போய்வர ஒரு வில் தேவை. அன்றைய ஒலிபெருக்கிகளில் விறைப்பான விளிம்பே அந்த வில்லாக இருந்தது. கூம்பு சிறிது அசையும்போது அது ஒழுங்காக நடந்துகொள்ளும். கீழ்ச்சுருதிக்காக அதிகம் அசையும்போது தாறுமாறாக இழுக்கும். அதனால் ஒலி சிதையும்.

வில்ச்சர் விளிம்பை மிகத் தளர்வாக்கினார். பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடினார். உள்ளே அடைபட்ட காற்றே வில்லாகிவிட்டது. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அழுத்தினால் அது திரும்பி எழும்புமே, அதே தத்துவம்தான். வகுப்பில் பாயில் விதியை நடத்தும்போது இந்தப் பம்பைத்தான் நான் மேசைமேல் எடுத்து வைப்பேன். இந்த அசைவு எல்லைக்குள் காற்று வில், விறைத்த விளிம்பைவிட மிகச் சீராக வேலை செய்கிறது. இதில் இன்னொரு வியப்பு உண்டு. காற்று வில்லாக வேண்டுமானால் பெட்டி சிறியதாகத்தான் இருக்க வேண்டும். அதுவரை குறையாக எண்ணப்பட்ட சிறுமையே இங்கே தேவையாகிவிட்டது.

பெரிய நிறுவனங்களிடம் இந்த எண்ணத்தை விற்க அவர் முயன்றார், அவை ஏற்கவில்லை. அவரிடம் மாலை வகுப்பில் பயின்ற ஹென்றி க்ளாஸ் என்ற இளைஞர் கேம்பிரிட்ஜ் நகரில் சிறு பெட்டித் தயாரிப்பு வைத்திருந்தார். ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து 1954இல் அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தைத் தொடங்கினர். முதல் மாதிரியான ஏஆர்-1இன் உயரம் சுமார் 25 அங்குலம், விலை 185 டாலர். அதன் ஆழத்தை அதுவரை அலமாரி அளவுப் பெட்டிகளிடமே எதிர்பார்க்க முடிந்தது. 1957இல் வந்த ஏஆர்-2, 100 டாலருக்கும் குறைவு. 1958இல் வந்த ஏஆர்-3, குவிமாட வடிவ ட்வீட்டரையும் கொண்டிருந்தது. அதன் ஒரு மாதிரி இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ளது.

விற்ற முறையும் சொல்லத்தக்கது. ஃபைன் ஆர்ட்ஸ் குவார்டெட் என்ற நால்வர் இசைக்குழுவை மேடையேற்றி, நேரடி இசையும் ஒலிபெருக்கி இசையும் மாறி மாறி வர, எங்கே மாறுகிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். பெரும்பாலோரால் முடியவில்லை. நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் அவர்கள் நடத்திய இசையறையில் யாரும் வந்து கேட்கலாம். அங்கே எதுவும் விற்கப்படாது. அறுபதுகளின் நடுவில் அமெரிக்க ஒலிபெருக்கிச் சந்தையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்நிறுவனத்திடம் இருந்தது.

தப்ப முடியாத கணக்கு

இதற்கெல்லாம் ஒரு விலை இருந்தது. ஏஆர் பெட்டிகள் மின்திறனை விழுங்கின. குழாய்ப் பெட்டிக்குப் போதுமான சிறு ஆம்ப்ளிஃபையர் இவற்றுக்குப் போதாது.

ஏன் என்பதை ஜோசப் ஆன்டன் ஹாஃப்மன் விதியாகச் சொன்னார். இவர் புகழ்பெற்ற பியானோ கலைஞர் ஜோசப் ஹாஃப்மனின் மகன். 1957இல் க்ளாஸ் வில்ச்சரைப் பிரிந்து கேஎல்எச் நிறுவனத்தைத் தொடங்கியபோது கூட்டாளி ஆனவர். ஆழமான ஒலி, சிறிய பெட்டி, குறைந்த மின்திறனில் உரத்த ஒலி ஆகிய மூன்றில் எந்த இரண்டையும் பெறலாம். மூன்றாவதை விட்டுக்கொடுத்தாக வேண்டும். கணக்காகப் பார்ப்போம். 80 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் பெட்டியை 40 ஹெர்ட்ஸுக்கு இறக்க விரும்பினால், பெட்டியை எட்டு மடங்கு பெரிதாக்க வேண்டும், அல்லது எட்டு மடங்கு மின்திறன் கொடுக்க வேண்டும். எவ்வளவு பணம் கொட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது. பின்னாளில் நெவில் தீல், ரிச்சர்ட் ஸ்மால் ஆகியோர் ஆஸ்திரேலியாவில் செய்த ஆய்வுகள், பெட்டி அளவை முன்கூட்டியே துல்லியமாகக் கணக்கிட வழிசெய்தன. அதன்பின் சிறு தயாரிப்பாளரும் ஊகத்தில் பெட்டி செய்யும் நிலை போயிற்று.

வில்ச்சருக்குக் காலம் துணை நின்றது. 1958 வாக்கில் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் வந்தன. ஒரு பெட்டி வைத்திருந்தவருக்கு இரண்டு தேவைப்பட்டது. பணத்தையும் இடத்தையும் இரண்டாகப் பங்கிட வேண்டியதாயிற்று. பிறகு டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர்கள் வந்து மின்திறனை மலிவாக்கின. விட்டுக்கொடுத்த மூன்றாவது பொருள் மலிவாகிவிட, சிறிய பெட்டி வென்றது. 1969இல் க்ளாஸ் தமது அட்வென்ட் நிறுவனத்தின் பெயரிலேயே, 100 டாலரைச் சற்றே தாண்டிய விலையில், முழு ஆழமுள்ள பெட்டியை விற்றார்.

இங்கிலாந்தில் பிபிசி வேறு பேரத்தைத் தேர்ந்தது. வெளிப்புற ஒலிபரப்பு வண்டிக்குள் வைப்பதற்காக எழுபதுகளில் அது உருவாக்கிய எல்எஸ்3/5ஏ, சுமார் ஐந்து லிட்டர் கனஅளவு கொண்டது. ஆழமும் உரப்பும் விட்டுக்கொடுக்கப்பட்டன. மனிதக் குரல் மட்டும் உள்ளது உள்ளபடி வர வேண்டும் என்றார்கள். வாய்ப்பாட்டும் வீணையும் கேட்பவருக்கு இது நட்டமான பேரம் அல்ல என்பது என் கருத்து. தவில் கேட்பவருக்கு நட்டம்தான்.

திரைக்குப் பின்னால்

விலை கூடினால் ஒலி கூடுமா? கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஃபிளாய்ட் டூல் இதைச் சோதித்தார். ஒலிபெருக்கிகளைத் திரைக்குப் பின் மறைத்துக் கேட்கச் செய்தபோது, கேட்டவர்களின் தீர்ப்புகள் பெரிதும் ஒத்துப்போயின. எந்தச் சுருதியையும் தூக்காமல் தாழ்த்தாமல் தருவதும், நேர் எதிரே ஒலிப்பது போலவே பக்கவாட்டிலும் சீராக ஒலிப்பதுமான பெட்டிகளே மேலிடம் பெற்றன.

பின்னர் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவுடன் சேர்ந்து 1994இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. அந்நிறுவன ஊழியர் 40 பேர் அதே பெட்டிகளைத் திரையிட்டும் திரையின்றியும் கேட்டனர். திரை விலகியதும் பெரிய, விலையுயர்ந்த பெட்டிகளின் மதிப்பெண் ஏறியது. சிறிய, மலிவான அமைப்பின் மதிப்பெண் சரிந்தது. பெட்டி மாறவில்லை; கேட்ட காதுகளும் மாறவில்லை.

இவ்வழியில் 2013இல் அமெரிக்கத் தொழில் சங்கம் ஓர் அளவீட்டுத் தரநிலையை வெளியிட்டது. ஒலிபெருக்கியைச் சுற்றிக் கிடையாகவும் செங்குத்தாகவும் பத்துப் பத்துப் பாகையில் அளந்து வரைபடமாகத் தருவது அது. இத்தகைய வரைபடங்கள் இப்போது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கடையில் கேட்டுப் பார்க்க வசதியில்லாத ஊரில் இருப்பவருக்கு இது பெரிய உதவி.

பழைய பெட்டி வாங்குவோர் கவனிக்க

சிறு தொகையில் பழைய ஒலிபெருக்கியைத் தேடுபவர் முதலில் கூம்பின் விளிம்பைப் பார்க்க வேண்டும். எழுபதுகளில் பரவலான நுரை விளிம்பு பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மக்கி, தொட்டால் உதிரும். சுருள் நன்றாக இருந்தால் விளிம்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். விலை பேசும்போது அச்செலவைக் கழித்துக்கொள்ள வேண்டும். ஏஆர்-3இல் இருந்தது துணி விளிம்பு. அது நுரையைப் போல் மக்குவதில்லை.